அம்மன் கிடாரம் குருநகருக்குப் போன சனிக்கிழமை

இதை எழுத வேண்டும் என்று நினைத்து மூன்று நான்கு வருடமாகிவிட்டது. செய்த தருமத்தை வாயால் சொன்னால் பலன் போய்விடும் என்று கேட்டு வளர்ந்தவள் நான். எட்டாம் வகுப்போடு படிப்பும் நின்றுவிட்டது. போன வெள்ளிக்கிழமை அம்மன் முன்னால் நின்றபோதுதான், இது நான் செய்த தருமம் இல்லையே, கண்ணால் கண்டதுதானே, சொன்னால் என்ன என்று மனம் சொன்னது.

எரிபொருளுக்கு நாடே வரிசையில் நின்ற வருடம். பேக்கரிப் பாண் ஒரு இறாத்தல் இருநூறு ரூபாய். வெளியூர் லொறிகள் வராததால் எங்கள் சண்டிலிப்பாய்க் கத்தரிக்காய் மருதனார்மடச் சந்தையில் கிடந்து வாடியது. பத்துக் கிலோமீற்றர் தள்ளிக் குருநகரிலோ, மண்ணெண்ணெய் இல்லாமல் வள்ளங்கள் கரையில் கிடந்தன. பிள்ளைகள் வெறும் தேத்தண்ணியோடு இருந்தார்கள். எங்கள் கிராம அலுவலர் ஓர் இளம் பெண், ஜி.எஸ். பிள்ளை என்போம். முன்பு குருநகரில் வேலை பார்த்தவர். அவர்தான் ஒரு வழி கண்டார். சனிக்கிழமைதோறும் அங்கே பிள்ளைகளுக்குக் கஞ்சி. அரிசியும் வண்டிக்கு டீசலும் பிரதேச செயலகம் தரும், மரக்கறி நாங்கள், விறகும் சமையலும் அந்த ஊர்த் தாய்மார். ஒரே குறை, அத்தனை பேருக்குக் காய்ச்சப் பெரிய பாத்திரம் அங்கே இல்லை. எங்கள் அம்மன் கோயில் மடைப்பள்ளியில் இருந்தது, நாலு பேர் தூக்கும் கிடாரம்.

கேட்கப் போன என்னிடம் கோயில் தலைவர் அரைமனதோடுதான் தந்தார். "கொண்டு போ பிள்ளை. ஆனால் மீன் வாசம் பட்டால் இது திரும்ப மடைப்பள்ளிக்குள்ளை வராது. இன்னொருக்காக் கேட்கவும் கூடாது. நீதான் பொறுப்பு."

காலை ஆறரை. எங்கள் ஊர்க் கந்தையண்ணை ஓட்டிய லாண்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்தின் பெட்டியில் கிடாரம், கிடாரத்துக்குள் கத்தரி, பூசணி, முருங்கையிலை, பக்கத்தில் நான். மானிப்பாய் வீதியில் சைக்கிள்கள் மட்டும்தான். ஒருவர் கூடவே மிதித்து வந்து கேட்டார்.

"கந்தையண்ணை, எங்கை திருவிழா?"

"குருநகரிலை."

"அங்கை அம்மன் கோயில் இல்லையே?"

"அதுதான் அம்மாள் கிடாரத்தை அனுப்புறா."

எனக்கு உடம்பு புல்லரித்தது. ஆனைக்கோட்டை, ஓட்டுமடம் என்று வீதியில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் கிடாரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு போனேன். கடல் காற்று முகத்தில் அடித்தபோது எட்டு மணி. இத்தனை வயதுக்கு அன்றுதான் குருநகருக்குள் முதல்முதலாகப் போகிறேன்.

தேவாலயத்துக்குப் பக்கத்து மண்டபத்தில் அடுப்பு மூட்டியிருந்தார்கள். தாய்மார் சங்கத் தலைவி றெஜினா, நல்ல உயரம், அகப்பையோடு வந்தா. ஜி.எஸ். பிள்ளை அரிசி மூட்டையை இறக்குவித்துக்கொண்டிருந்தார். நான் வாய் திறந்த முதல் வார்த்தையே இதுதான்:

"தங்கச்சி, குறை நினைக்காதேங்கோ. இதுக்குள்ளை மீன் மட்டும் போடக்கூடாது."

றெஜினா என்னைப் பார்த்தா. "மீன் இருந்தால் உங்கடை கிடாரம் எங்களுக்கு என்னத்துக்கு அக்கா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்து முடியப் பூசணியை எடுத்து வெட்டத் தொடங்கினேன்.

பத்து மணிக்குக் கஞ்சி கொதித்தது. பிள்ளைகள் கோப்பைகளோடு வந்து குந்தியிருந்தார்கள். அப்போது கரைப்பக்கம் ஒரே சத்தம். முதல் நாள் பின்னேரம் கடற்றொழிலாளர் சங்கத்துக்கு அரசாங்கம் கொஞ்சம் மண்ணெண்ணெய் கொடுத்திருந்ததாம். விடியப் போன வள்ளம் திரும்பிவிட்டது. றெஜினாவின் தம்பி ஒரு வாளி நிறைய இறாலோடு ஓடி வந்தார், முகமெல்லாம் சந்தோஷம். கஞ்சியோ கூழோ, உள்ளே இறால் போடுவது அவர்களுக்குக் கைப்பழக்கம். நேரே கிடாரத்துக்கு வந்து வாளியைச் சரிக்கப் போனார்.

அம்மாளே என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

'டங்' என்று சத்தம். கண்ணைத் திறந்தால், றெஜினாவின் அகப்பை வாளியில் முட்டுக் கொடுத்து நிற்கிறது.

"உங்காலை நில். இது அம்மாளின்ரை கிடாரம்."

"இறால் இல்லாத கூழோ அக்கா? வாயிலை வைக்கேலுமே?"

"உனக்கு வேணுமெண்டால் வீட்டுச் சட்டியை எடுத்துக்கொண்டு வா. அங்காலை தள்ளி அடுப்பை மூட்டு."

அப்படியே வேலி ஓரத்தில் இன்னோர் அடுப்பு எரிந்தது. பிள்ளைகள் இங்கே ஒரு கோப்பை குடித்து, வாயைத் துடைத்து, அங்கே ஓடினார்கள். ஜி.எஸ். பிள்ளையும் ஓடினார். கந்தையண்ணை அன்று விரதம் என்று சொல்லிவிட்டு அந்த அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். "மணத்துக்கு விரதம் இல்லை அண்ணை, வந்து நில்லுங்கோ" என்றா றெஜினா.

கிடாரத்தைப் பழப்புளியும் சாம்பலும் போட்டு மூன்று தரம் தேய்த்தது றெஜினாதான். என்னைத் தொடவே விடவில்லை. இறால் பட்ட கை என்று தம்பியைக் கிடாரம் தூக்கவும் விடவில்லை.

பின்னேரம் நாலு மணிக்கு ஊர் வந்து சேர்ந்தோம். கோயில் வாசலில் தலைவர் காத்துக்கொண்டு நின்றார். குனிந்து கிடாரத்துக்குள் தலையை விட்டு நன்றாக மூச்சிழுத்தார். நான் மூச்சை விடவில்லை.

"புளிதான் மணக்குது," என்றார். பிறகு கேட்டார்: "வாற சனிக்கிழமை எத்தினை மணிக்கு வெளிக்கிடுறியள்?"

அந்தக் கேள்வியோடு நின்ற இடத்திலேயே அழுதுவிட்டேன்.

ஒரே அரிசி, ஒரே உப்பு. பத்துக் கிலோமீற்றரை நாங்கள்தான் பெரிய தூரமாக வைத்திருந்தோம். இதை வாசிக்கிறவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். சொல்லும்போது எங்கள் கோயில் சோறு போட்டது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அரிசி அரசாங்கத்தினுடையது, மரக்கறி எங்களுடையது, விறகும் கையும் அவர்களுடையவை. கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். முக்கியமாக, மீனைப் பற்றி நான் சொன்னதையும் அதற்கு றெஜினா சொன்ன பதிலையும் அப்படியே சொல்லுங்கள்.