வெள்ளைக் கல்லில் போட்ட போர்

ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். ஆனால் திருச்செங்கோட்டிலிருந்து போர் வண்டியை ஓட்டிக்கொண்டு போய், வடக்கே எத்தனையோ ஊர்ப் பாறையைத் துளைத்துத் தண்ணீர் காட்டியிருக்கிறேன். அப்படிப்பட்டவனை ஒரு மாடி அறையின் சுவர் ஏமாற்றப் பார்த்ததை நினைத்தால் இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது.

என் மகள் வக்கீல். அஸ்தம்பட்டியில் சொந்தமாக ஆபீஸ் போட்டாள். அதுவரை அவளை வேலைக்கு வைத்திருந்த பெரிய வக்கீல், ஆறு மாதத்தில் தன்னிடமே திரும்பி வந்துவிடுவாள் என்று கோர்ட்டெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அவரும் திறப்புக்கு வருகிறார். அவர் கண்ணெதிரே சட்டப் புத்தகமெல்லாம் நீளமான ஒரே பலகையில் நிற்க வேண்டும், தாங்குவது எதுவும் வெளியே தெரியக் கூடாது என்பது அவள் வீம்பு. என் மகளாயிற்றே.

உள் அலங்காரம் செய்கிற ஒருவன் வந்து சுவரில் கம்பிகளை நட்டு, அவை உள்ளே மறையும்படி பலகையைச் சொருகிவிட்டுப் போனான். திறப்புக்கு முந்தின நாள் புத்தகங்களை அடுக்கினாள். ஒரு பக்கம் அப்படியே பெயர்ந்து சாய்ந்தது. போனில் கேட்டால், அது பொம்மை வைக்கிற பலகையாம். வக்கீல் ஆபீசில் பொம்மைக்கு என்ன வேலை? அவனை வாயில் வந்ததெல்லாம் பேசிவிட்டு டிரில்லை நானே எடுத்தேன்.

ஒரு முனையில் கான்கிரீட் தூண். சாம்பல் நிறத் தூள் வந்தது, கம்பி கிண்ணென்று நின்றது. மறுமுனையில் மாவு மாதிரி வெள்ளைத் தூள். எடை குறைவு என்று இப்போது எல்லாரும் வைத்துக் கட்டுகிறார்களே, அந்த வெள்ளைக் கல். ஊதினால் பறக்கிறது, அதற்குப் பெயர் சுவர். பொலபொலக்கிற பூமண்ணில் எந்தப் போர்க்காரனும் நிறுத்தமாட்டான்; பாறை தட்டும்வரை இறக்குவான். நானும் இறக்கினேன்.

பாறை வரவில்லை. பக்கத்து அறையில் ரத்தப் பரிசோதனை நிலையம் வைத்திருக்கும் அம்மாதான் வாசலில் வந்து நின்றார்.

"ஏனுங்க, உங்க போரு எங்க ரூமுக்குள்ள வந்துருச்சுங்க. தண்ணி வந்தா எங்களுக்கும் ஒரு பைப்பு உடுங்க."

மகள் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். அடியில் முக்கோண இரும்பு கொடுக்கலாம் என்றேன். அதற்குப் புத்தகம் தரையிலேயே கிடக்கட்டும் என்றாள். எனக்கும் கோபம், அவளுக்கும் கோபம். அப்போதுதான் பட்டது: ஓட்டை அந்தப் பக்கம் போனால் கம்பியும் போகட்டுமே. இரண்டு பக்கமும் தகடு வைத்து முறுக்கினால் கல் எங்கே உதிரும்?

எவன் வாசலிலும் போய் நிற்காதவன், அவர் பக்கச் சுவரில் ஒரு தகடு வைக்கக் கேட்டு அந்த அம்மாவிடம் போய் நின்றேன்.

"நல்லாப் பெயிண்டு பூசிக் குடுத்துருங்க. துருப்புடிச்சா உங்களத்தான் புடிப்பேன்" என்றார்.

நட்டை இறுக்கினேன். இந்தப் பக்கத்துத் தகட்டைப் பலகையின் தடிமனே மறைத்துக்கொண்டது.

மறுநாள் பெரிய வக்கீல் வந்தார். பலகையை அழுத்திப் பார்த்தார், குனிந்து அடியில் பார்த்தார். பலகை இம்மியும் அசையவில்லை. திரும்பி வருகிற பேச்சை அவர் எடுக்கவே இல்லை. என்னைப் பார்த்து, "ஏம்ப்பா, நம்ம ஊட்டுக்கும் இப்படி ஒண்ணு வந்து போட்டுக் குடு" என்றார்.

வேலைக்கு வந்த ஆள் என்று நினைத்துவிட்டார். மகள் என் கையைக் கிள்ளினாள். நான் விடுவேனா?

"நான் இந்தப் புள்ளைக்கு அப்பனுங்க. உங்க ஊட்டுச் சுவரு என்ன கல்லுன்னு மொதல்ல பாத்துட்டு வாங்க, அப்பறம் பேசலாம்."