நசீர் பாய் அழுக்காக்கிய ரயில் நிலையம்

செய்தி வந்தபோது என் மீசையில் ஒரு பக்கம்தான் கறுப்பாகியிருந்தது. மறு பக்கத்துக்கு டை தடவ பிரஷ்ஷை எடுத்தேன், போன் அடித்தது. நசீர் பாயின் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு அடுத்த ஜவுளிக் கடைக்காரர். "மாதேசு, நசீர் பாய் போயிட்டாருங்க. ஷட்டரத் தூக்கினாரு, அப்படியே படியில ஒக்காந்தாரு. அவ்வளவுதான்" என்றார். சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினேன். பாய் கடை வாசலில் என்னைக் கட்டிப்பிடித்து அழுத பெரியவர் ஒருவர், முகத்தைப் பார்த்ததும் அழுகையை நிறுத்திவிட்டுத் தன் துண்டை நீட்டினார். "வாயோரம் என்னமோ ஒட்டியிருக்கு, தொடச்சிக்கோங்க." துடைத்தேன். அது போகிற சாமானா? பெயிண்ட் கடை வைத்திருப்பவனுக்கு ஒரு மீசையை முழுசாக அடிக்கத் துப்பில்லை என்பதைக் கடைவீதி மொத்தமும் அன்று பார்த்தது.

நம் வியாபாரிகள் சங்க மலருக்கு நசீர் பாய் அவர்களைப் பற்றி எழுதச் சொல்லிக் கேட்டார்கள். பத்தாவதோடு படிப்பு என்னைக் கைவிட்டுவிட்டது. பில் எழுதுவதைத் தவிர வேறு எழுத்து எனக்குப் பழக்கமில்லை. இருந்தாலும் உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்றா சொன்னேன்? ஒரு வரி எழுதுகிறேன், எழுந்து மாடிக்குப் போகிறேன், கதவைத் திறக்காமல் இறங்கி வருகிறேன். அவருடைய வியாதி எனக்கும் ஒட்டிக்கொண்டது போலிருக்கிறது.

நசீர் பாய் ஓரிடத்தில் நிற்கமாட்டார். அவர் கடையில் கண் சோதித்துக்கொண்டவர்களுக்குத் தெரியும். எழுத்து அட்டை சுவரில் அசையாமல் இருக்கும். அவர் மட்டும் அங்கும் இங்கும் நடந்துகொண்டே இருப்பார். "பாய், எத நான் பாக்கறது, அட்டையவா உங்களையா?" என்று கேட்டவர்கள் உண்டு. தெரியாதவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது, அந்த மனிதர் என் வீட்டு மாடியில் ஒரு ரயில் நிலையம் கட்டினார் என்பதுதான்.

முதலில் அவர் என் கடைக்கு வந்தது ஒரு விசித்திரமான சரக்குக் கேட்டு.

"துரு கலர்ல பெயிண்டு இருக்குங்களா?"

"துருப் புடிக்காம இருக்கறதுக்குத்தான் பாய் நாங்க பெயிண்டே விக்கறோம்."

"எனக்குத் துருப் புடிச்ச மாதிரி வேணும். பளபளப்பு சுத்தமா இருக்கக்கூடாது."

வெயில் ஏறிப்போச்சு போல என்று நினைத்தேன். அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு குட்டி ரயில் சரக்குப் பெட்டியை எடுத்து மேசை மேல் வைத்தார். என் சுண்டுவிரலைவிடக் கொஞ்சம் நீளம், சக்கரமெல்லாம் சரியாக இருந்தது. புழுதி படிந்திருந்ததால் கையில் எடுத்து ஊதினேன். புழுதி போகவில்லை. இன்னொரு தடவை பலமாக ஊதினேன். பாய் கவுண்டரைத் தட்டிச் சிரித்தார்.

"அது புழுதி இல்லீங்க, நான் அடிச்சது. நீங்க ஊதினீங்க பாருங்க, அது போதும் எனக்கு."

அப்படித்தான் சிநேகம் ஆரம்பித்தது. கடைக்கு மேலே இருந்த அவர் வீட்டில் இடமில்லை. என் மாடி அறை சும்மா கிடந்தது. பலகை போட்டுக் கொடுத்தேன். இஞ்சினும் தண்டவாளமும்தான் விலைக்கு வாங்கியவை. மீதி எல்லாம் அவர் கையால் செய்தது. கல்யாணப் பத்திரிகை அட்டையைத் திருப்பிப் போட்டால் ஸ்டேஷன் சுவர். தீர்ந்த பால்பாயிண்ட் ரீபில் தூண். மருந்துப் பாட்டில் மூடி தண்ணீர்த் தொட்டி. ஊசி விளக்குக் கம்பம். சலித்த ஜல்லித் தூள் தண்டவாளத்துக்கு நடுவே. அதில் நிற்கிற மனிதர்கள் சுண்டுவிரல் மேல்கணு உயரம். ஒரு சுவர் கட்டி முடிக்க ஒரு நாள் போதும் அவருக்கு. அதைப் பழசாக்கத்தான் மாதக் கணக்கில் ஆகும். கறுப்பு பெயிண்டைத் தண்ணீராகக் கரைத்து சந்துகளில் ஓடவிடுவார், விரலால் துடைப்பார், என் கடை ஆணிகளில் சுரண்டிய துருவைத் தூவுவார், தள்ளி நின்று பார்ப்பார், தலையை ஆட்டுவார், மறுபடி கழுவுவார்.

அது மாரண்டஹள்ளி ஸ்டேஷன். ஏன் அதுவென்று கேட்டதற்கு, "அந்த பிளாட்பாரத்துல ஒக்காந்தாத்தான் மாதேசு எனக்குக் காலு ஆடாம இருக்கு" என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் அங்கே கூட்டிப் போனார். உட்காரவில்லை. தூணடியில் மண்டியிட்டு, என்னையும் மண்டியிட வைத்தார். ரயில்வே ஊழியர் ஒருவர் வந்து பின்னால் நின்றார்.

"என்ன தேடறீங்க?"

"வெத்தலைத் துப்பல் பாக்கறோம் சார்" என்றார் பாய், திரும்பாமலே. "நேத்துத் துப்பினது செவப்பு, போன மாசத்துது பழுப்பு. கீழ வழியறப்ப மெலிசாவுது பாருங்க."

அந்த ஊழியர் என்னைப் பார்த்தார். நான் தூணைப் பார்த்தேன்.

அதற்குப் பிறகுதான் அவருக்கு நெஞ்சில் அடைப்பு என்று தெரிந்தது. சேலத்தில் ஆபரேஷன் செய்துகொள்ளச் சொல்லிவிட்டார்கள், தள்ளிப்போடக் கூடாது என்றும் சொல்லிவிட்டார்கள். அவர் மனைவி ஷமீமா, அதுவரை என் கடைப் படி ஏறாதவர், ஒரு நாள் வந்து நின்றார்.

"அண்ணா, அந்த ஸ்டேஷன சீக்கிரம் முடிச்சு வுடுங்கண்ணா. அது முடிஞ்சாத்தான் ஆஸ்பத்திரிக்கு வருவேன்றாரு. உங்க பேச்சுன்னா கேப்பாரு."

என் பேச்சை என் வீட்டிலேயே யாரும் கேட்பதில்லை என்று அந்த அம்மாவிடம் எப்படிச் சொல்வது? சரிம்மா என்றேன். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் கெட்டது. கடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டு மாடிக்கு ஓடுவேன். "பாய், இந்தக் கூரை நல்லாருக்கு, முடிச்சிரலாம்." "பாய், இதுக்கு மேல பழசானா இடிஞ்சு வுழுந்துரும்." அவர் படுத்துக்கொண்டு பார்ப்பார், எழுந்து பார்ப்பார். "இன்னும் வரல" என்பார். கூரை முடிந்தால் புறா எச்சம். புறா எச்சம் முடிந்தால் இஞ்சின் புகைக் கரி. நான் உதவிக்கு ஒரு பெஞ்சுக்கு பெயிண்ட் அடித்தால், அது ஷோரூமிலிருந்து வந்தது போல மினுங்கும். அதைக் கெடுக்க அவருக்கு இன்னொரு சாயங்காலம் ஆகும். என் மகள் பவித்ரா காலேஜ் விட்டு வந்ததும் வாசலில் நின்று பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அப்பா புதுசாக்கறாரு, மாமா பழசாக்கறாரு. ரெண்டு பேரும் சேந்து ஒண்ணுமே பண்ணல."

"பாப்பா சொல்றது கரெக்டு" என்றார் பாய். சிரித்தார், சிரிக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். நான் மட்டும் சிரிக்கவில்லை.

ஒரு நாள் பொறுக்காமல் கேட்டே விட்டேன். "பயமாருக்குதா பாய்?"

பிரஷ்ஷைத் துடைத்துக்கொண்டே இருந்தவர், "முடிஞ்சிருச்சுன்னு சொல்லிட்டா அப்பறம் அடுத்தது அதுதான, மாதேசு" என்றார். பிறகு ஒரு தூணில் துப்பல் வரைந்தார்.

இப்படியே ஆயுத பூஜை வந்தது. எங்கள் வீட்டில் அன்றைக்குத் தராசு, சைக்கிள், கிரைண்டர், எதுவும் தப்பாது. கழுவித் துடைத்துப் பொட்டு வைத்தாக வேண்டும். நான் கடையில் பூசணிக்காய் உடைத்துவிட்டு வீட்டுக்கு வந்தால், என் மனைவி செல்வி ஈரத் துணியோடு மாடியிலிருந்து இறங்கி வருகிறாள்.

"ஒரே தூசி மேல. எல்லாம் தொடச்சாச்சு. பாவம், பண்டிகை நாளும் அதுவுமா."

ஏறிப் பார்த்தேன். கூரையில் கரி இல்லை. புறா எச்சம் இல்லை. அந்தத் துப்பல், சிவப்பும் பழுப்புமாக அவர் இழைத்த துப்பல், ஒரு சொட்டு இல்லை. நிலையம் வெளுத்துப் பளிச்சென்று நின்றது. இஞ்சின் நெற்றியில் சந்தனம், குங்குமம், முன்னால் தண்டவாளத்தில் ஒரு எலுமிச்சம்பழம். இனி மறுபடி முதலிலிருந்து. இனி ஆஸ்பத்திரி எப்போது? ஷமீமா அம்மா முகத்தில் எப்படி விழிப்பது? இதை யோசிக்கும்போதே படியில் அவர் செருப்புச் சத்தம்.

வந்தார், நின்றார். கடையில் கண்ணுக்கு வைத்துப் பார்க்கும் பூதக்கண்ணாடியைப் பையிலிருந்து எடுத்து ஒவ்வொரு தூணாகப் பார்த்தார். செல்வி வாசலில் சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டு நின்றாள். "அண்ணா, தெரியாம..." என்றாள்.

"இந்தப் பொட்டு சைக்கிள் சக்கரம் அளவு இருக்குதம்மா" என்றார் பாய். "எலுமிச்சம்பழம் ஒரு குடிசை. வண்டி ஏறினா கவுந்துரும்."

பிறகு நிமிர்ந்து, கொஞ்சம் தள்ளிப் போய், இன்னும் தள்ளிப் போய், சுவரில் முதுகு இடிக்கும்வரை போய்ப் பார்த்தார்.

"மாதேசு! பெரிய ஆபீசர் இன்ஸ்பெக்ஷனுக்கு வர்றதுக்கு மொத நாளு ஸ்டேஷன் இப்படித்தான இருக்கும்? கழுவி வுட்டு, வெள்ளையடிச்சு, பொட்டு வெச்சு. இதத்தான் நான் பாக்காம வுட்டிருக்கேன்."

நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் கெடுத்துவிடுவேன் என்று தெரியும்.

"முடிஞ்சிருச்சு" என்றார்.

எலுமிச்சம்பழத்தை அவரே எடுத்துச் செல்வி கையில் கொடுத்தார். வண்டியை ஓடவிட்டார். அது வளைவில் போய், குகைக்குள் மறைந்து, வெளியே வந்து, பிளாட்பாரத்தில் நின்றது. அறையில் இருந்த ஒரே நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் உட்கார்ந்தார். காலைக் கவனித்தேன். ஆடவில்லை.

"ஷமீமாகிட்ட சொல்லிருங்க. அடுத்த வாரம் சேலம் போறோம்."

அந்த வாரம் முழுக்க நான் கடையில் பாட்டுப் பாடிக்கொண்டு வியாபாரம் செய்தேன். வாடிக்கையாளர்கள் சாட்சி. சேலம் போக வேண்டிய நாளுக்கு முந்தின நாள் காலையில்தான் போன் வந்தது.

ஷமீமா அம்மாவைப் பார்த்தபோது, "பையெல்லாம் எடுத்து வெச்சிட்டேண்ணா" என்று மட்டும் சொன்னார். கதவோரம் அந்தப் பை இருந்தது. இஸ்திரி போட்ட அவர் சட்டைக் காலர் ஒன்று ஜிப்புக்கு வெளியே எட்டிப் பார்த்தது. பாதி மீசை கறுத்த மூஞ்சியோடு என்ன ஆறுதல் சொல்வது?

மதியத் தொழுகை முடிந்ததும் தூக்கினார்கள். அவர்கள் வழக்கத்தில் அடக்கத்தைத் தாமதிப்பதில்லை, தூக்கிக்கொண்டு நடக்கிற நடையும் வேகம். தோள் மாறித் தோள் மாறி அவர் போய்க்கொண்டே இருந்தார். எனக்கும் ஒரு இடம் விட்டார்கள். அவரைக் கிடத்தியிருந்த சந்தூக்குப் பெட்டியின் மரம் என் தோளில் ஏறியது. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் திரும்பும்போது வண்டிகள் ஒதுங்கி வழி விட்டன. என் பருத்த உடம்புக்கு அந்த ஓட்டம் ஒத்துக்கொள்ளவில்லை, மூச்சு வாங்கியது. பின்னாலிருந்து ஒரு கை என் தோளைத் தொட்டு, நகரச் சொல்லி, என் இடத்தை எடுத்துக்கொண்டது.

போய் வாருங்கள் பாய். உங்களைத் தெரியாதவர்கள் என் மாடிக்கு வரட்டும், வண்டி ஓட்டிக் காட்டுகிறேன்.

ரோட்டோரம் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, தூரமாகிக்கொண்டே போகிற கூட்டத்தைப் பார்த்தேன். அவரை அத்தனை மாதம் சீக்கிரம் சீக்கிரம் என்று விரட்டியவன் நான். அப்போது ஒரு வார்த்தை தொண்டை வரை வந்தது. சத்தம் போட்டிருந்தால் அவர்கள் காதில் விழுந்திருக்கும். சொல்லவில்லை.

கொஞ்சம் மெதுவாப் போங்கப்பா.