கூரையில்லாத வீட்டில் காய்ந்த வத்தல்

அறுபதுகளின் தொடக்கத்தில், நெய்வேலியில் குவார்ட்டர்ஸ் வரிசை வரிசையாக எழும்பிக்கொண்டிருந்த காலத்தில் நடந்தது இது. சாத்தூர் பக்கத்துக் கரிசல்காட்டிலிருந்து கல்யாணமாகி வந்திருந்தேன். என் கணவருக்கு மைன்ஸில் காண்ட்ராக்ட் வேலை. குவார்ட்டர்ஸ் எல்லாம் பர்மனென்ட் ஆட்களுக்குத்தான் என்பதால் பக்கத்திலிருந்த வடக்குத்து கிராமத்தில் ஓர் அறையில் குடியிருந்தோம். அந்த வருடம் அவருக்குக் கை முறிந்து வேலை நின்றுபோனது. பேசாமல் ஊருக்கே திரும்பிவிடலாம் என்றார். பெரிய வேலைக்குப் போகிறோம் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு வந்தவள் நான். எந்த முகத்தோடு திரும்பிப் போவது? முடியவே முடியாது என்றுவிட்டேன்.

எனக்குத் தெரிந்த ஒரே தொழில் மிளகாய். எங்கள் ஊரில் வானம் பார்த்து ஏமாந்தவர்கள் நாங்கள். இங்கேயோ, சுரங்கத்தில் ஊற்று பொங்காமலிருக்க இரவும் பகலும் பம்பு வைத்து இறைத்த தண்ணீர் வாய்க்கால் நிறைய வீணாக ஓடிக்கொண்டிருந்தது. பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரியும்.

பக்கத்து வீட்டுப் பெண் கூலிக்குக் களை எடுக்கிறவள். சுரங்கத்துக்காகக் காலி செய்த கிராமம் ஒன்றைப் பற்றி அவள்தான் சொன்னாள். இயந்திரம் வந்து சேரும்வரை அந்த நிலத்தை யாரும் கேட்கப்போவதில்லை, ஒரு போகம் எடுத்துவிடலாம் என்றாள். பாதிக்குப் பாதி என்று பேசிக்கொண்டு, அந்த வாய்க்கால் தண்ணீரைத் திருப்பி, ஐப்பசியில் நாற்று விட்டோம்.

செடி வளர்ந்த விதத்தைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். மாசியில் செடிக்குச் செடி சிவப்பாய்த் தொங்கியது. ஆனால் அந்த ஊர்தான் எனக்குப் பிடிக்கவே இல்லை. ஓடு, கீற்று, கதவு, நிலை எல்லாவற்றையும் பிரித்துக்கொண்டு ஜனங்கள் போயிருந்தார்கள். மண்சுவர்கள் மட்டும் தெருவாக நின்றன. மனிதக் குரலே கிடையாது. பம்பு ஓடுகிற அதிர்வு மட்டும் உள்ளங்காலில் தெரிந்துகொண்டே இருக்கும். மத்தியான வெயிலில் அந்தத் தெருவில் நடந்தால் யாரோ வாசலில் நின்று பார்ப்பது போலவே இருக்கும். நான் திரும்பிப் பார்க்கமாட்டேன்.

வெளியில் புழுதி என்பதால், தரை நன்றாக இருந்த ஒரு வீட்டுக் கூடத்தில் பறித்த மிளகாய்ப் பழத்தைக் காயப்போட்டோம். பின்கட்டில் ஒரு மண் குதிர் மட்டும் இருந்தது. ஆள் உயர நெல் குதிர். தூக்கிப்போக முடியாமல் விட்டிருந்தார்கள்.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, காலையில் போனால் அந்த வீட்டு வாசலில் சாணம் தெளித்துக் கோலம் போட்டிருந்தது.

நீ போட்டாயா என்று அவளைக் கேட்டேன். அவள் என்னைக் கேட்டாள். கோலத்தை மிதிக்காமல் ஓரமாக உள்ளே போனோம். மறுநாளும் கோலம் இருந்தது, வேறு கோலம். உள்ளே வத்தல் கிளறிவிடப்பட்டிருந்தது. வெளுத்துப்போய் விலை போகாத சண்டு வத்தலை யாரோ பொறுக்கி மூலையில் தனியாகக் குவித்திருந்தார்கள். திருட வந்தவன் இந்த வேலையெல்லாம் பார்ப்பானா? ஒரு வத்தல்கூடக் குறைந்ததாகத் தெரியவில்லை. குறைந்திருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

பங்குனியில் ஒருநாள் சரியாகக் கூடாத கணவரின் கையைக் காட்டத் திருவதிகைப் பக்கம் ஒரு வைத்தியரிடம் போயிருந்தோம். பக்கத்து வீட்டுக்காரிக்கு வேறு வேலை. பார்த்து வைத்தாற்போல் அன்றைக்குக் கோடைமழை கொட்டியது. வத்தல் ஒரு மழையில் நனைந்தால் போதும், பூஞ்சை பிடித்துக் குப்பைதான். திரும்பி வந்ததும் ஈரப் புடவையோடு ஓடினேன். எல்லாம் போயிற்று, மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று அழுதுகொண்டேதான் ஓடினேன்.

கூடமெல்லாம் தண்ணீர் நின்றது. ஒரு வத்தல் இல்லை. தாழ்வாரத்தின் ஓரத்தில் கொஞ்சம் கீற்று மிச்சமிருந்தது. அதன் கீழே வத்தல் முழுவதும் குவித்து, பழைய பாய் போர்த்தி, நான்கு மூலையிலும் கல் வைத்திருந்தது. கையை விட்டுப் பார்த்தேன். உள்ளே சருகாகக் காய்ந்து கிடந்தது. பிழைத்தோம் என்று சந்தோஷப்படத் தோன்றவில்லை. அந்த வாசலைத் தாண்டி எப்படி வெளியே வந்தேன் என்று தெரியாது.

மறுநாள் உச்சிப்பொழுதில் பக்கத்து வீட்டுக்காரி ஒரு சட்டியில் நெருப்போடு வந்தாள். வாசல் மண், கல் உப்பு, எங்கள் வத்தலில் ஒரு கை. குவியலைச் சுற்றி, என்னைச் சுற்றி, துப்பச் சொல்லி, நெருப்பில் போட்டாள். வத்தல் படபடவென்று வெடித்துக் கருகியது. புகையும் வந்தது. நெடி மட்டும் வரவில்லை. அத்தனை காரமான வத்தல், ஒரு தும்மல்கூட இல்லை.

"நெடியே இல்லக்கா," என்றாள். அவள் முகம் வெளிறிவிட்டது. "இது சாதாரண கண்ணு இல்ல. வந்துடுங்க, போயிடலாம்."

அப்போதுதான் பின்கட்டிலிருந்து குதிர் இருமியது.

ஒரு முறை அல்ல, அடக்கி அடக்கி, பிறகு அடக்கமாட்டாமல். அவள் சட்டியைப் போட்டுவிட்டு ஓடிவிட்டாள். எனக்குக் கால் எழவில்லை. தைரியம் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த வெறித்த கணத்தில் ஒன்று மட்டும் மண்டையில் உறைத்தது. கூரையில்லாத வீட்டில் காற்று நெடியை அப்படியே பின்கட்டுக்கு அள்ளிக்கொண்டு போயிருக்கிறது. பேய்க்கு நெடி ஏறுமா?

குதிரின் பின்புறம் உடைந்திருந்தது. அதன் வழியே நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் கண்ணில் நீர் வழிய நகர்ந்து வெளியே வந்தாள்.

"காட்டிக் குடுத்துடாதம்மா," என்று கையெடுத்துக் கும்பிட்டாள். "இது என் வூடு."

தண்ணீர் கொடுத்து மெல்லக் கேட்டேன். மற்றவர்களோடு அவளும் வேறிடம் போனவள்தான். ஆனால் தினமும் விடியுமுன் நடந்து இங்கே வந்துவிடுவாள். காவல்காரர்கள் பலமுறை விரட்டியதால், ஆள் அரவம் கேட்டால் குதிருக்குள் போய்விடுவாளாம். அவள் கணவர் பல வருடம் முன்பு சண்டை போட்டுவிட்டுப் போனவர். எங்கே என்று தெரியாது.

"கோவிச்சிக்கினு போன மனுசன். கோவம் ஆறி வந்தாருன்னா, ஊரே இல்லன்னா யார கேப்பாரு? எந்த வூட்டுக்குப் போவாரு?"

எங்கள் வத்தலை ஏன் காப்பாற்றினாய் என்று கேட்டேன். வீட்டில் காய்கிற பண்டத்தை மழையில் விடுவார்களா என்று திருப்பிக் கேட்டாள்.

வத்தலைக் குள்ளஞ்சாவடியில் விற்றோம். அது நல்ல விலைக்குப் போனதால்தான் நாங்கள் நெய்வேலியில் தங்கினோம். சித்திரையில் இயந்திரம் அந்தத் தெருவுக்கு வந்தது. நாங்கள் மூன்று பெண்களும் தூரத்தில் நின்று பார்த்தோம். அவள் அழவில்லை. இனிமேல் ஊருக்கு வருகிற வண்டிப்பாதை எங்கே முடியும் என்று மட்டும் கேட்டாள். பாதையை வெட்டி வேலி போட்டிருந்த இடத்தைக் காட்டினேன். அடுத்த வாரமே அங்கே ஒரு சாக்கை விரித்து, என்னிடம் வாங்கிய வத்தலைக் கூறு கட்டி விற்க உட்கார்ந்துவிட்டாள். அந்த இடத்தில் யார் வத்தல் வாங்குவார்கள்? ஆனாலும் உட்கார்ந்திருந்தாள், அவள் கண் மூடும்வரை. நானறிய அவர் வரவில்லை.

இன்றைக்கும் பஸ் ஸ்டாப்பில் வயதான மனிதர் யாராவது என்னிடம் வழி கேட்டால், வழி சொல்வதற்கு முன்னால், "நீங்க யார் வீட்டுக்குங்க வந்திருக்கீங்க?" என்று கேட்காமல் என்னால் இருக்க முடிவதில்லை.