குடிக்க மறுத்த குதிரைகள்

தண்ணீர் இருக்கிறது. தாகமும் இருக்கிறது. பிறகு ஏன் குடிக்க மாட்டேன் என்கின்றன? அந்த ஜூலையில் எங்கள் நெவாடா ஊரில் யாரைக் கேட்டாலும் உதட்டைப் பிதுக்கினார்கள். எனக்கும் அப்போது பதில் தெரியாது. பதில் கண்டுபிடித்தே ஆக வேண்டியவள் மார்லிஸ் உருட்டியா ஒருத்திதான்.

மார்லிஸ் அரசு நில அலுவலகத்தில் வேலை செய்பவள். காட்டுக் குதிரைகளும் காட்டுக் கழுதைகளும் அவள் பொறுப்பு. எந்த மலையில் எத்தனை இருக்கின்றன, புல் தாங்குமா, எந்த ஊற்றில் இன்னும் நீர் நிற்கிறது என்று பார்த்துக்கொண்டு, தேய்ந்துபோன ஒரு வண்டியில் இருபது வருடமாகச் சுற்றிக்கொண்டிருந்தாள். புல் தாங்காத இடத்தில் பெட்டைக் குதிரைகளுக்குத் தூரத்திலிருந்து கருத்தடை மருந்து ஊசியைத் துப்பாக்கியால் சுடுவாள். அதுவும் போதாதபோது பிடித்து அரசுக் கொட்டடிக்கு அனுப்புவாள்.

அவளுடையது ஸ்பெயின் பக்கத்திலிருந்து வந்து மலையில் ஆடு மேய்த்த பாஸ்க் குடும்பம். அவள் அப்பாவுக்குக் குதிரை என்றால் புல் திருடும் பிராணி. மகள் என்ன வேலை செய்கிறாள் என்று யாராவது கேட்டால் "அரசாங்க வேலை" என்பதோடு நிறுத்திக்கொள்வார். மாட்டுப் பண்ணைக்காரர்கள் அவள் குதிரைகளுக்குச் செல்லம் கொடுக்கிறாள் என்றார்கள். குதிரைப் பிரியர்கள் அவள் கையில் ரத்தம் இருக்கிறது என்றார்கள். கடையில் காப்பிக்கு நின்றால் இரண்டு பக்கத்திலிருந்தும் பேச்சு விழும். அவள் இரண்டையும் கேட்டுக்கொண்டு காப்பியை எடுத்துக்கொண்டு போய்விடுவாள்.

அந்தக் கோடையில் டஃபி ஊற்று வற்றியது. பதினான்கு குதிரைகள் அந்தக் காய்ந்த சேற்றைச் சுற்றியே நின்றன. அவற்றின் தாய்களும் அங்கேதான் குடித்தன. வேறு தண்ணீர் அவற்றுக்குத் தெரியாது. அடுத்த ஊற்றுக்குப் போக வேண்டுமென்றால் ஒரு மலையையும் ஒரு நெடுஞ்சாலையையும் கடக்க வேண்டும். குளம்பால் சேற்றைத் தோண்டித் தோண்டி மூக்கை உள்ளே விட்டன. ஒரு குட்டி அந்தக் குழியிலேயே செத்துக் கிடந்தது. எழுந்திருக்க முடியாத ஒரு கிழக் குதிரையை மார்லிஸே சுட வேண்டியிருந்தது.

லாரி ஏற முடிந்த இடம் வரைக்கும் போய், ஊற்றிலிருந்து கொஞ்ச தூரத்தில், இரும்புத் தொட்டி வைத்தார்கள். சுற்றிலும் இரும்புக் கம்பித் தடுப்புகள். ஒரே ஒரு கதவு. கதவில் கட்டிய கயிறு புதர் வரைக்கும் நீண்டிருந்தது. குடிக்க உள்ளே வந்தால் பிடித்துவிடுவது என்பதுதான் உத்தரவு. லாரி ஓட்டியவர் ஹார்லன் டேவ், பக்கத்துப் பையூட் பழங்குடிக் குடியிருப்பைச் சேர்ந்தவர். ஊர்க் குழாய்த் தண்ணீரை அவர் கொண்டுவந்து கொட்டினார். குதிரைகள் தூரத்தில் நின்று மூக்கைத் தூக்கி முகர்ந்தன. பிறகு முதுகைக் காட்டிக்கொண்டு சேற்றுக்கே திரும்பிவிட்டன.

வார முடிவுக்குள் அவை வராவிட்டால் ஹெலிகாப்டரை வைத்து ஓட்டிப் பிடிக்க வேண்டியதுதான் என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். அதன் விலை மார்லிஸுக்குத் தெரியும். நாக்கு வறண்ட மிருகத்தை அந்த வெயிலில் ஓட்டினால் பாதிகூடக் கூண்டுக்கு வந்து சேராது.

அன்று மாலை ஹார்லன் தொட்டியில் கையை விட்டு முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"நீச்சல்குளம் மாதிரி நாறுது. நானே குடிக்க மாட்டேன்."

மார்லிஸ் தொட்டியைப் பார்த்தாள், தடுப்பைப் பார்த்தாள். தண்ணீரில் குளோரின் மருந்து வாசனை. கம்பியில் எண்ணெய் வாசனை. மண்ணில் மனித வாசனை. இந்த இடத்தில் குதிரைகளுடையது என்று எதுவுமே இல்லை. ஒவ்வொரு ஆண்குதிரைக்கும் தன் லத்தியைக் குவித்து வைக்கும் மேடு ஒன்று உண்டு. இது என் இடம் என்று மற்ற குதிரைகளுக்குச் சொல்வது அந்த மேடுதான். அந்த வாசனை தொட்டியருகே வந்தால் குதிரைகளும் வரலாம். ஊற்றுப் பக்கத்தில் இருந்தது காய்ந்து தூளாகிவிட்டது. புதியது எங்கே என்று தெரிந்தவள் டோரின் மட்டும்தான்.

டோரின் அவளுடன் பள்ளியில் படித்தவள். அந்தக் கூட்டத்தைப் பல வருடமாகப் படம் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருந்தாள். காதில் வெட்டு விழுந்த தலைப் பெட்டைக்கு ஓப்பல் என்று பெயர். மார்லிஸ் அவள் வீட்டு வாசலில் போய் நின்றாள். உள்ளே வா என்று டோரின் சொல்லவில்லை.

"உங்கப்பா புல்லுக்காகக் குதிரைய வஞ்சாரு. நீ சம்பளம் வாங்கிட்டுத் துரத்துற. இப்ப அதுங்க கக்கூஸ் எங்கன்னு கேட்டு வந்திருக்க."

"ஆமா டோரின்."

"தண்ணி குடிச்சதும் விட்டுருவியா?"

பொய் சொல்லியிருந்தால் வேலை சுலபமாக முடிந்திருக்கும்.

"இல்லடி. கதவ மூடிருவேன். ஒண்ணுகூட இந்த மலைக்குத் திரும்பி வராது. மூடலன்னா அதே சேத்துல போய் நின்னு சாகும்."

டோரின் உள்ளே போய்விட்டாள். மார்லிஸ் வண்டியில் ஏறப் போனபோது அவள் தொப்பியோடு வெளியே வந்தாள். மேட்டைக் காட்டினாள். இரண்டு பெண்களும் மண்வெட்டியால் சாக்குச் சாக்காக லத்தியை அள்ளினார்கள். அதைக் கதவு வாசலிலும் தொட்டியைச் சுற்றியும் கொட்டினார்கள். ஊற்றுச் சேற்றை வாளியில் கொண்டுவந்து தண்ணீரில் கரைத்தார்கள். ஹார்லன் லாரியில் சாய்ந்து, காலேஜில் இதைத்தான் சொல்லிக்கொடுத்தார்களா என்று கேட்டார். யாரும் சிரிக்கவில்லை, அவரும் சிரிக்கவில்லை.

மறுநாள் காலை கூட்டத்தின் ஒரே ஆண்குதிரை, சாம்பல் நிறத்தது, முதலில் வந்தது. கதவருகே குனிந்து வெகுநேரம் முகர்ந்தது. பிறகு திரும்பி நின்று, அந்தக் குவியலின் மேலேயே தன் பங்கைப் போட்டது.

"கையெழுத்துப் போட்டுட்டான்," என்றார் ஹார்லன் மெதுவாக.

அது வெளியே காவல் நின்றது. ஓப்பல் உள்ளே நடந்தாள். பின்னாலேயே மற்றவையும் குட்டிகளும் போயின. அவை குடிக்கும் சத்தம் புதர் வரைக்கும் கேட்டது. மார்லிஸ் கயிற்றைப் பிடித்திருந்தாள். ஆண்குதிரை மட்டும் உள்ளே வரவில்லை. இப்போது இழுத்தால் அது தனியாக வெளியே நின்று சாகும். இழுக்காமல் இருந்தால், குடித்து முடித்த பெட்டைகள் வெளியேறிவிடும். ஹார்லன் அவளைப் பார்த்தார். அவள் இன்னும் வேண்டாம் என்று தலையை அசைத்தாள். ஓப்பல் தொட்டியிலிருந்து முகத்தை எடுத்துக் கதவை நோக்கித் திரும்பினாள். அப்போதுதான் சாம்பல் குதிரை, அவளை உரசிக்கொண்டு, தண்ணீருக்கு வந்தது.

மார்லிஸ் கயிற்றை இழுத்தாள்.

குதிரைகள் கம்பியில் மோதிய சத்தம் அடங்க வெகுநேரம் ஆயிற்று. ஒன்றுக்கும் கால் உடையவில்லை. பிற்பகலில், ஆணையும் பெண்ணையும் பிரித்து வைக்கும் விதிப்படி, ஆண்குதிரையை ஒரு லாரியிலும் பெட்டைகளையும் குட்டிகளையும் வேறொன்றிலும் ஏற்றினார்கள். சாம்பல் குதிரை கனைத்தது. மற்ற லாரியிலிருந்து ஓப்பல் பதிலுக்குக் கனைத்தாள். இரண்டு லாரிகளும் பிரிகிற இடம் வரைக்கும் அது கேட்டுக்கொண்டே இருந்தது.

டோரின் மார்லிஸின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"உன்ன நான் மன்னிக்க மாட்டேன்."

"வேண்டாம்," என்றாள் மார்லிஸ். "நாளைக்கு ஊத்துல செத்துக் கிடக்குற குட்டியப் புதைக்கணும். வரியா?"

டோரின் வந்தாள்.

ஆகஸ்டில் ஒரு பெருமழை பெய்தது. டஃபி ஊற்றில் நீர் எழும்பியது. குடிக்க ஒரு குதிரையும் இல்லை. அவசரப்பட்டு வாசனை காட்டி ஏமாற்றிவிட்டாள் என்று ஊரில் இன்றும் பேசுகிறார்கள். அதுவரை மிஞ்சிய குதிரைகள் தாங்கியிருக்குமா என்பது எனக்குத் தெரியாது. மார்லிஸும் தெரியும் என்று சொல்லிக்கொண்டதில்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன். இந்தக் கதையை நீங்கள் யாரிடமாவது சொன்னால், அவள் கதவை மூடினாள் என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். மூடப்போகிறேன் என்று அவள் டோரினின் வாசலில் நின்று முன்பே சொன்னதையும், சாம்பல் குதிரைக்காகக் காத்திருந்ததையும் சேர்த்தே சொல்லுங்கள்.