சலேத்தம்மாள் என்று கூப்பிடாத வீடு

எங்கள் அக்கா இறைவனிடம் சென்று ஓராண்டு ஆகிறது. நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். நாலு பேர் முன்னால் நின்று பேச எனக்கு வராது. அதனால் சொல்ல வேண்டியதை இந்த நினைவு மலரில் எழுதுகிறேன்.

அக்கா கிருஷ்ணகிரியில் சலேத்து மாதா திருநாளன்று பிறந்தார். பங்குச் சாமியார் மாதா பெயரையே, சலேத்தம்மாள் என்று, ஞானஸ்நானத்தில் வைத்தார். எங்கள் பக்கத்தில் அப்போது வேறு யாருக்கும் அந்தப் பெயர் கிடையாது. சிறு வயதிலேயே விதவையானார், பிள்ளை இல்லை. பிறகு மருத்துவச்சி வேலைக்குப் படித்து, ஓசூரில் எங்களோடு இருந்துகொண்டு, தளிப் பக்கம் கிராமங்களில் பிரசவம் பார்த்தார். சானமாவுக் காட்டில் யானை இறங்கிய நாளிலும் கூப்பிட்ட வீட்டுக்குப் போனார். என்னை வளர்த்து, கல்யாணம் செய்து வைத்ததும் அவரே.

எனக்கு மகள் பிறந்தபோது அக்கா ஒன்றே ஒன்று கேட்டார். "தம்பி, எம்பேர வைடா. வூட்ல யாராச்சும் அந்தப் பேரச் சொல்லிக் கூப்புடறத கேக்கணும்." வைத்தோம். ஆனால் நாத்தனார் பெயரை என் மனைவி எப்படிச் சொல்லுவாள்? மூத்தவர் பெயரைச் சொல்லி "வாடி, போடி" என்று அதட்ட எனக்கும் வாய் வரவில்லை. "பாப்பா" என்றே கூப்பிட்டோம். பெயர் கோயில் பதிவேட்டோடு நின்றுவிட்டது. அக்கா ஒரு நாளும் குறை சொன்னதில்லை.

தளிப் பக்கத்தில் அவர் கையில் பிறந்த பெண் பிள்ளைகள் பலருக்கு, கன்னடம் பேசும் இந்துக் குடும்பங்களில்கூட, அந்தப் பெயரை வைத்தார்கள். அங்கிருந்து வரும் நாளில் அக்கா முகமே வேறாக இருக்கும். "ஒருத்தி 'ஏ சலேத்தம்மா, எங்கடி போன'ன்னு கத்துறா. நான் போயி நின்னா, 'அய்யோ, உங்களயில்லக்கா, ஆட்ட வுட்டுட்டு ஓடுற இந்தக் கழுதைய'ங்கறா!" என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். நானும் சிரித்தேன். எனக்கு உறைக்கவில்லை.

கடைசியில் மஞ்சள் காமாலை வந்து படுத்துவிட்டார். இறந்த அன்று காலை என் மனைவி அவர் தலைமாட்டில் இருந்தாள். திடீரென்று வாசலைப் பார்த்து உரக்கக் கூப்பிட்டாள்: "சலேத்து! வாடி இங்க, அத்தைக்குக் கஞ்சி எடுத்தா!"

வாசலில் விளையாடிக்கொண்டிருந்த, இன்னும் பள்ளிக்கூடம் போகாத பாப்பா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அது தன் பெயர் என்று பிள்ளைக்குத் தெரியாது.

அக்கா கண் திறந்தார். "வுடும்மா, அவளுக்குப் பழக்கமில்ல" என்றார். அதன்பின் பேசவில்லை.

வைத்தியம் பார்த்த டாக்டருக்கும், உடனிருந்து ஜெபித்த கன்னியர்களுக்கும், பெட்டி தூக்கிய அக்கம்பக்கத்தாருக்கும் எங்கள் நன்றி. பெண் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு அடக்கத்துக்கு வந்த தளிப் பக்கத்துத் தாய்மார்களே, என் வீட்டில் அக்கா கேட்டுக் கிடைக்காததை, கேட்காமலே உங்கள் தெருவில் கொடுத்தீர்கள். உங்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.