ஓடாவியாரின் மகள்

இப்போது எங்கள் ஏறாவூரில் கட்டில் செய்கிறவரும் ஓடாவி, கதவு சீவுகிறவரும் ஓடாவி, கோழிக்கூட்டுக்கு நாலு சட்டம் அடிக்கிறவரும் ஓடாவி. சொல் மலிந்துவிட்டது. நான் சிறுமியாக இருந்தபோது வாவிக்கரையில் அந்தச் சொல் வள்ளம் கட்டுகிறவருக்கு மட்டும்தான். அதிலும் எங்கள் கரைக்கு ஒரே ஓர் ஓடாவியார். அவர் என் வாப்பாவாக இருந்திருந்தால் நான் ஏன் இதை எழுதப்போகிறேன்? அவர் வாப்பாவுக்கு மூத்தவர், என் பெரிய வாப்பா.

வேலை என்னவோ இரண்டு பேரும் சேர்ந்துதான் செய்தார்கள். பெரிய வாப்பா மரம் பார்ப்பார், பலகை அறுப்பார், வளைத்துப் பொருத்துவார். பலகைக்கும் பலகைக்கும் இடையிலுள்ள இடுக்கில் பஞ்சும் தேங்காய்த் தும்பும் திணித்து, குங்கிலியம் காய்ச்சி ஊற்றி, தண்ணீர் புகாமல் அடைப்பது என் வாப்பா. அதற்குக் கலப்பத்து என்று பெயர். வள்ளத்துக்கு அடியில் முதுகு ஒடிய மல்லாந்து கிடப்பவர் ஒருவர்; கடைத்தெருவில் சலாம் வாங்குகிறவர் இன்னொருவர். ஊரார் வாப்பாவை ‘ஓடாவியார்ர தம்பி’ என்றார்கள். வாப்பாவுக்கு அதில் ஒரு குறையும் இல்லை. எனக்குத்தான் வயிறு எரிந்தது.

எரிச்சலுக்கு வேறு காரணமும் இருந்தது. பெரிய வாப்பாவின் மகள் என்னைவிட ஆறே மாதம் மூத்தவள். அந்த ஆறு மாதத்துக்காக நான் அவளை ராத்தா என்று கூப்பிட வேண்டும். புது வள்ளம் தண்ணீரில் இறங்கும்போது முதலில் ஏறி உட்காருகிறவளும் அவள்தான். எங்கள் கரையில் அது வழக்கம். ஓடாவி தன் பிள்ளையை ஏற்றிக் காட்ட வேண்டும். தன் பிள்ளையை ஏற்றுகிறவன் பலகையில் கள்ளம் வைக்க மாட்டான் என்பது கணக்கு. பிள்ளை நனையாமல் இருந்தால் வள்ளத்துக்குச் சொந்தக்காரர் கரையில் நின்று “ஓடாவியார்!” என்று மூன்று தரம் கூப்பிடுவார். மூன்றாம் தரம் கூப்பிட்ட பிறகுதான் வள்ளம் அவருடையது. ராத்தாவுக்குப் புதுச் சீத்தைத் துணியும் கற்கண்டும் கிடைக்கும். அவள் கற்கண்டை எனக்குப் பாதி கடித்துத் தருவாள். அதைத் தின்றுகொண்டே அவளை வெறுப்பேன்.

அது சண்டைக் காலம். லொறிகளுக்கு எண்ணெய் கிடைக்காமல், நிலம் நிறைய வைத்திருந்த போடியார்மார் வயல் நெல்லை வாவி வழியாகக் கொண்டுவரத் தொடங்கியிருந்தார்கள். படுவான்கரைப் போடியார் ஒருவர் பெரிய வள்ளம் ஒன்று கட்டச் சொன்னார். அதுவரை எங்கள் கரையில் அவ்வளவு பெரிய வள்ளம் இறங்கியதில்லை. அஸர் தொழுகைக்குப் பிறகு இறக்குவதாக ஒரு வெள்ளிக்கிழமையைக் குறித்தார்கள். அன்று காலையிலும் வாப்பா கடைசி இடுக்குக்குக் குங்கிலியம் ஊற்றிக்கொண்டுதான் இருந்தார்.

ஆண்கள் எல்லோரும் ஜும்ஆத் தொழுகைக்குப் போன நேரம் நான் பட்டறைக்குப் போனேன். ஒரு துருப்பிடித்த ஆணி கிடைத்தது. பின்பக்கத்து அடிப்பலகையில், இன்னும் இறுகாத இடத்தில், ஒரு சாண் நீளத்துக்குத் தும்பைக் கிளறிப் பிடுங்கினேன். தெரியாமல் இருக்க வாவிச் சேற்றை எடுத்து அப்பினேன். என் யோசனை சுருக்கமானது. வள்ளம் ஒழுகும், ராத்தாவின் சீத்தைப் பாவாடை நனையும், பெரிய வாப்பாவிடமிருந்து ஓடாவிப் பட்டம் போகும். போனால் அடுத்தவருக்குத்தானே வரவேண்டும்? அடைப்பு யாருடைய வேலை என்பது மட்டும் அந்த மண்டைக்குள் ஏறவில்லை.

வள்ளம் இறங்கியது. ராத்தா நடுவில் மகாராணியாக உட்கார்ந்திருந்தாள். போடியார் “ஓடாவியார்!” என்றார். மறுபடியும் “ஓடாவியார்!” என்றார். மூன்றாவதற்கு வாயைத் திறந்தபோது ராத்தா துள்ளி எழுந்தாள்.

“வாப்போ, தண்ணி!”

எல்லோரும் பாய்ந்து வள்ளத்தைக் கரைக்கு இழுத்தார்கள். போடியாரின் முகம் கறுத்துவிட்டது.

“கலப்பத்துப் பார்த்த ஆள் ஆரு?” என்று கேட்டார்.

என் வாப்பா முன்னால் வந்தார். அப்போதுதான் எனக்குத் திக்கென்றது. அதற்குள் பெரிய வாப்பா குனிந்து அந்த இடுக்கில் விரலை விட்டார். விரலில் ஒட்டிய சேற்றைப் பார்த்தார். நிமிர்ந்து சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தார். நான் கைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன்.

“ஆளைத் தேடாதீங்க போடியார். ஓடாவி நான். தண்ணி வந்தா அது என்ட பிழை,” என்றார்.

போடியார் மூன்றாம் தரம் கூப்பிடவில்லை. ஓடாவியாருக்குப் போர்த்தவென்று கொண்டுவந்த சால்வையை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு போய்விட்டார். வாப்பா மேல் சொல் விழவில்லை என்று எனக்குப் பெரிய நிம்மதி. அதன் பின்னாலேயே சந்தோசமும் வந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நல்ல சந்தோசம்.

கூட்டம் கலைந்ததும் பெரிய வாப்பா என்னைக் கூப்பிட்டார். “இஞ்ச வா மகள். கையைக் காட்டு பாப்பம்.” தேங்காயெண்ணெய்ச் சிரட்டையை எடுத்துவந்து, என் விரல்களில் ஒட்டியிருந்த குங்கிலியத்தை ஒவ்வொரு நகமாகத் துடைத்தெடுத்தார். “இந்தக் கையோட சோறு தின்னப்படாது. வயித்த வலிக்கும். உம்மா காணுறதுக்கு முந்திக் கழுவிப் போடு,” என்றார். வேறொன்றும் கேட்கவில்லை. பட்டம் போனதும் மனிதர் எப்படிப் பணிந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டு மற்றக் கையையும் நீட்டினேன்.

அதன்பிறகு வந்த வள்ளத்துக்கு, “இனித் தம்பியக் கூப்பிடுங்க,” என்று அவரே சொல்லிவிட்டார். வாப்பா எவ்வளவோ மறுத்தும் விடவில்லை. இறக்கும் நாளில் புதுச் சீத்தைப் பாவாடை கட்டிக்கொண்டு நான் நின்றேன். ராத்தா எரிவதைப் பார்க்க வேண்டும் என்று கூட்டத்தில் அவளைத் தேடினேன். அந்தப் பைத்தியம் கைதட்டிக்கொண்டிருந்தது.

நான் ஏறப்போகும் நேரம் பெரிய வாப்பா “கொஞ்சம் பொறு மகள்” என்று என்னை நிறுத்தினார். முழங்காலிட்டு, முன்னிருந்து பின் வரைக்கும், அடிப்பலகையின் இடுக்குகள் முழுவதையும் விரலால் தடவித் தடவிப் பார்த்தார். வாப்பாவின் கலப்பத்தைத்தான், ஓர் இடம் விடாமல். கரையில் எல்லோரும் காத்துக்கொண்டு நின்றார்கள். பிறகு எழுந்து, என்னைத் தூக்கி உள்ளே உட்காரவைத்தார்.

தம்பியின் வேலையில் குறை தேடுகிறார், பட்டம் போன பொறாமை இன்னும் தீரவில்லை என்று நான் நினைத்தேன்.