விடத் தெரிந்த பிடி

ஆட்களை மடக்கிப் பிடிக்கப் பழக்கும், வவுனியாவில் நடந்த ஐந்து நாள் பயிற்சிக்கு என்னை அனுப்பியது என் கைப்பலத்தை நம்பி அல்ல. பொலிஸில் சேர்ந்த முதல் இரண்டு வருடமும் நான் தெற்கில் வேலை செய்தவள். சிங்களம் சரளமாக வரும். பயிற்றுவிக்க வந்த சார்ஜன்டுக்குத் தமிழ் தெரியாது. வகுப்பில் இருந்த பதினெட்டுக் கான்ஸ்டபிள்களில் பாதிப் பேருக்குச் சிங்களம் போதாது. அதனால் நான் நடுவில் நின்றேன்.

மொழிபெயர்ப்பதோடு வேலை முடியும் என்றுதான் நினைத்தேன். முதல் நாளே அவர், "இங்கே வா, கையை நீட்டு" என்றார். மணிக்கட்டைப் பிடித்து ஒரு திருப்புத் திருப்பினார். நான் பாயில் கிடந்தேன். "இதை அவர்களுக்குச் சொல்" என்றார். கிடந்தபடியே சொன்னேன். ஐந்து நாளும் அப்படித்தான். கைவிலங்கு போடுவதைக் காட்டவும் என் கைதான், தள்ளிவிட்டால் எப்படி விழுவது என்று காட்டவும் என் முதுகுதான். இரவில் முழங்கைக்கு எண்ணெய் பூசிக்கொண்டு படுப்பேன். ஆனால் யாருக்கும் வராத ஒரு நன்மை எனக்கு வந்தது. ஒவ்வொரு பிடியும் எந்த இடத்தில் வலிக்கத் தொடங்கும், எந்த இடத்தைத் தாண்டினால் எலும்பு முறியும் என்பது என் உடம்புக்கே தெரிந்துவிட்டது.

மூன்றாம் நாள் ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டேன். எவ்வளவு பலம் பாவிக்கலாம், எப்போது நிறுத்த வேண்டும் என்று அவர் நீளமாக விளக்கினார். நான் சுற்றறிக்கையில் இருப்பதுபோல, "நியாயமான அளவிலான பலப்பிரயோகம்" என்றேன்.

விசுவமடுவைச் சேர்ந்த ஒரு கான்ஸ்டபிள் சொன்னான்: "அக்கா, அது கடதாசித் தமிழ். அடிபிடிக்குள்ள நிண்டு அதை யோசிக்கேலாது."

அவன் சொன்னது சரி. கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னேன்: "அந்த ஆள் இனி ஒருத்தருக்கும் அடிக்கேலாது எண்டு தெரிஞ்ச உடனே, காணும். அதுக்கு மேல நீங்கள் செய்யிறதெல்லாம் பிழை."

'காணும்' என்றால் எங்கள் பேச்சில் 'போதும்'. சார்ஜன்ட் அந்தச் சொல்லைக் கேட்டு வாங்கி, தன் நாக்கில் இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார். அதற்குப் பிறகு ஒவ்வொரு பயிற்சியிலும் அவரே "காணும்!" என்று கத்துவார். பிடித்தவர் உடனே விட வேண்டும்.

நாலு மாதம் கழித்து, மல்லாவிச் சந்தையில் எனக்கும் இன்னொரு கான்ஸ்டபிளுக்கும் கடமை. தேத்தண்ணிக் கடைக்கு முன்னால் சனம் விலகி ஓடியது. நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் காட்டுக்கத்தியோடு நின்றார். நல்ல குடிவெறி. காணிச் சண்டையாம். கடைக்குள் நின்ற மைத்துனரை வெளியே வரச்சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார்.

கத்தி வைத்திருப்பவரிடம் கையை நீட்டாதே, இடையில் ஏதாவது ஒரு பொருளை வை என்பது நாலாம் நாள் பாடம். கடை வாசலில் கிடந்த பிளாஸ்டிக் கதிரையை எடுத்து, கால்கள் அவர் பக்கம் இருக்கப் பிடித்துக்கொண்டேன். கூட வந்தவரை மற்றப் பக்கத்தால் சுற்றி வரும்படி கண்ணைக் காட்டினேன்.

"அண்ணை, என்னைப் பாருங்கோ. கத்தியைக் கீழ போடுங்கோ. காணிக் கதையைப் பிறகு இருந்து கதைப்பம்."

"நீ தள்ளு பிள்ளை. உன்னோட எனக்கு ஒண்டுமில்லை."

"ஓம் அண்ணை, எனக்கும் உங்களோட ஒண்டுமில்லை. அதைப் போடுங்கோ."

அவர் வீசினார். கத்தி கதிரையின் காலில் கொத்தி இறுகியது. அப்படியே அவரைத் தள்ளிக்கொண்டு போய்ச் சுவரோடு சாத்தினேன். பிடி தளர்ந்து கத்தி விழுந்தது. கூட வந்தவர் அதைக் காலால் தட்டி எறிந்தார். கதிரையை விட்டுவிட்டு மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பினேன். என்னைவிட இரண்டு மடங்கு பாரமான மனிதர் மண்ணில் குப்புறக் கிடந்தார்.

சனத்துக்குள்ளிருந்து, "குடுங்கோ ரெண்டு" என்று ஒரு குரல் கேட்டது. கூட வந்தவர் பொல்லை ஓங்கிவிட்டார்.

"காணும்," என்றேன். எனக்கே அந்தக் குரல் புதிது. பொல்லு இறங்கியது. விலங்கைப் போட்டதும் அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து, "மூச்சு வருதோ அண்ணை?" என்று கேட்டேன். அவர் அழத் தொடங்கினார்.

ஆஸ்பத்திரியில் முழங்காலில் ஒரு உரசல் மட்டும் என்று எழுதினார்கள். அடுத்த நாள் அவருடைய மனைவி நிலையத்துக்கு வந்தா. "நீங்களோ அவரைப் பிடிச்சது?" என்று கேட்டா. ஏச்சு வாங்கத் தயாராக எழுந்து நின்றேன்.

"பொலிஸ் பிடிச்சது எண்ட உடன கை கால் போச்சுது எண்டுதான் நினைச்சனான்," என்றா. "வழக்கு நடக்கட்டும். ஆள் முழுசா இருக்கிறார். அது காணும் தங்கச்சி."

அந்த வாரம் கடமை முடிந்த கையோடு லீவில் சொந்த ஊரான பூவரசங்குளத்துக்குப் போனேன். வழக்கமாகச் சீருடைக்கு மேலே ஒரு சேர்ட்டைப் போட்டு மறைத்துக்கொண்டுதான் பஸ் ஏறுவேன். எங்கள் பக்கத்தில் காக்கியைக் கண்டால் சனம் கதையை நிறுத்திவிடும். அன்று காக்கியை மறைக்காமல், யன்னலோரம் இருந்து, இரண்டு பஸ் மாறி வீட்டுக்குப் போனேன்.